இறக்கையின் அடிப்பக்கம்

பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பாளரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கட்டைவிரல் நகம் அளவுள்ள நீலப் பட்டாம்பூச்சியாகி மதிலைத் தாண்டிப் போனாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கணவரின் சட்டை ஒற்றைக் கிளிப்பில் தொங்கியது. இன்னொரு கிளிப் தரையில் கிடந்தது.

பதினொன்றரைக்கு, ஊருக்கு வெளியே புல்வெளியில் அவர் விரித்து வைத்திருந்த பதிவேட்டின்மேல் ஒரு சிறு நீலம் வந்து இறக்கையை விரித்து உட்கார்ந்தது. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே நீலம்தான். இறக்கை மூடியபின் அடிப்பக்கப் புள்ளிகளை எண்ணாமல் இனத்தை எழுதக்கூடாது என்பது அவரே போட்ட விதி. அன்று பசி. ‘சாதாரண வகை’ என்று எழுதிவிட்டு அதை ஊதித் தள்ளினார். அந்த ஊதலை நினைத்துப் பிற்பாடு அழுதார்.

விஷயம் தெரிந்து ஓடிவந்த மனைவியின் தங்கை ஒன்றுதான் கேட்டாள்.

“அக்கா கழுத்துல மச்சம் எத்தனை மாமா?”

ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் வேறு இனம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருக்கு, பன்னிரண்டு வருடம் கூடவே இருந்தவளின் கழுத்து தெரியவில்லை. ஆல்பத்தைப் புரட்டினார். எல்லாப் படத்திலும் அவர்தான் நின்றார், எடுத்தது அவள்.

“உனக்குத் தெரியும்ல, சொல்லேம்மா.”

“நான் சொன்னா நீங்க எண்ண மாட்டீங்க மாமா. எழுதிட்டு வந்துடுவீங்க.”

அந்தப் பூச்சிகளுக்கு ஆயுள் ஒரு வாரம். அவர் நான்கு வருடம் தேடினார். அந்தி சாய்ந்தால் அவை நூற்றுக்கணக்கில் புல்நுனிகளில் தலைகீழாக இறக்கை மூடித் தூங்கும். அவற்றில் ஒன்று தினமும் அவளைப் போலவே அடுத்தடுத்து இரண்டு முறை தும்மும். எது என்று பிடிபடவில்லை. பயந்து வீட்டுக்கு ஓடிவருவார், மறுநாளும் போவார்.

நான்காம் வருடக் கடைசியில், தானே துவைத்த சட்டையை அவர் உலர்த்தும்போது கிளிப்பின்மேல் ஒன்று வந்து இறக்கையை விரித்து உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. சாப்பாடு ஆறியது, சட்டை காய்ந்தது, கால் மரத்துப்போனது. பொழுது இறங்கும் நேரத்தில் அது இறக்கையை மூடியது. எண்ணினார், பதிவேட்டில் அப்படியே வரைந்தார்.

தங்கை பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள்.

“மூணு வரிசையா, ஒண்ணு காதுக்குக் கீழ தனியா. சரிதான் மாமா.”

இனம் என்ற கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். பார்த்த இடம் குறிப்பிடப்படவில்லை என்று மட்டும் சொல்லி அது திரும்பி வந்தது. ‘வீடு’ என்று எழுதி மறுபடி அனுப்பினார்.