ஹில்லா வாய் திறந்த நாள்

பின்லாந்து பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் ஹில்லா கெர்வினென் ஐந்து வருஷமாக இரண்டாவது கோல்கீப்பர். முழுக் கவசமும் மாட்டிக்கொண்டு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிடுவதுதான் அவள் வேலை. வயது முப்பத்தொன்று. குவோப்பியோ நகரத்தில் தபால் பட்டுவாடா செய்கிறாள். ஒவ்வொரு போட்டிக்கும் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுப் போவாள். "இந்தத் தடவையாவது உன்ன எறக்குவாங்களா?" என்று தபால் ஆபீஸில் கேட்பார்கள். "கதவு தெறக்க ஒரு ஆள் வேணும்ல" என்று சிரித்துவிட்டுக் கிளம்புவாள்.

முதல் கோல்கீப்பர் மிண்ட்டு சாரெலா. அவளும் குவோப்பியோதான், ஹில்லாவைவிட ஐந்து வயது சின்னவள், மழலையர் பள்ளியில் டீச்சர். எந்த ஊருக்குப் போனாலும் இருவருக்கும் ஒரே அறை. மிண்ட்டு விடும் குறட்டை ஹில்லாவுக்குப் பழகிவிட்டது. ஹில்லா தின்னும் கறுப்பு உப்பு மிட்டாயின் வாடை மிண்ட்டுவுக்குப் பழகிவிட்டது. இடத்துக்குப் போட்டி போட வேண்டிய இரண்டு பேர் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதை அணியில் எல்லாரும் அதிசயமாகச் சொல்வார்கள்.

அந்த சீசனில் நவம்பரில் சொந்த நாட்டிலும், டிசம்பரில் செக் நாட்டிலும், பிப்ரவரியில் சுவீடனிலும் போட்டிகள் இருந்தன. எல்லாம் முடிந்து ஏப்ரலில் உலகப் போட்டி.

நவம்பரில் செக் அணியோடு ஆடிய பகல் ஆட்டத்தில்தான் அது நடந்தது. தூரத்திலிருந்து ஒருத்தி ஓங்கி அடித்த பக், அந்தக் கெட்டி ரப்பர் வட்டு, முன்னால் நின்றவளின் மட்டையில் பட்டுத் திசைமாறி, மிண்ட்டுவின் முகக்கவசத்தில் நெற்றிப்பொட்டுப் பக்கம் மோதியது. அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. மிண்ட்டு முழங்காலில் விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, எழுந்து கையை உயர்த்திக் காட்டினாள். கூட்டம் கைதட்டியது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அணியின் டாக்டர் மார்யத்தா அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, என்ன கிழமை, யார் கோல் போட்டது என்றெல்லாம் கேட்டாள். மிண்ட்டு எல்லாவற்றுக்கும் சிரித்தபடி சரியாகப் பதில் சொன்னாள்.

அறைக்கு வந்ததும் பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

"லைட்ட அணைடி. கண்ணுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு."

"டாக்டரக் கூட்டிட்டு வரேன்," என்றாள் ஹில்லா.

"வேணாம்! கூட்டிட்டு வந்தேன்னா உன்னோட பேசவே மாட்டேன். ரெண்டு நாள்ல சரியாயிடும். இது உலகப் போட்டி வருஷம்டி. சத்தியம் பண்ணு."

ஹில்லா சத்தியம் பண்ணினாள். தோழிக்காகத்தான் என்று அப்போது நினைத்தாள். ஆனால் மனதின் அடியில் வேறொரு பயமும் இருந்தது. போய்ச் சொன்னால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? இடத்துக்காகப் போட்டுக்கொடுத்தாள் என்பார்கள். அந்தப் பெயர் தனக்கு வந்துவிடக் கூடாது. மிண்ட்டுவின் தலையைவிட அந்தப் பெயர்தான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டு நாளில் சரியாகவில்லை. டிசம்பரில் செக் நாட்டில் பஸ்ஸில் போகும்போது மிண்ட்டு கம்பளித் தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். போனில் எழுத்துகள் ஆடின. அவள் அம்மா அனுப்பிய செய்திகளை ஹில்லாதான் மெதுவாக வாசித்துக் காட்டினாள். சுவிஸ் அணி மிண்ட்டுவைத் தாண்டி நாலு கோல் போட்டது. மூன்று இடது பக்கம் போனவை. "களைச்சுப் போயிருக்கா" என்றார் கோச் ரெய்யோ. மிண்ட்டுவுக்கு அந்தப் பக்கம் வருகிற பக் சரியாகத் தெரியவில்லை என்பது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹில்லாவுக்கு மட்டும் தெரிந்தது. அவள் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஹில்லா தபால் வண்டியில் மழலையர் பள்ளிப் பக்கம் போனாள். பிள்ளைகள் பனியில் கத்திக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சறுக்குப் பலகைகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால், மிண்ட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள். ஹில்லா வண்டியிலிருந்து இறங்கவில்லை. பள்ளியின் தபால்களைப் பெட்டியில் போட்டுவிட்டு, மிண்ட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் தெருமுனையைத் திரும்பிவிட்டாள்.

பிப்ரவரியில் சுவீடனுக்குப் போனார்கள். இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெய்யோ ஹில்லாவைக் காபி மேஜைக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷன்.

"உக்காரு ஹில்லா. உலகப் போட்டிக்கு மிண்ட்டுவோட ரெண்டாவது கோல்கீப்பரா வெர்னாவக் கூட்டிட்டுப் போறேன். பத்தொம்பது வயசு, கத்துக்கட்டும். நீ மூணாவது. வீட்லயே தயாரா இரு, அவசரம்னா கூப்பிடுறோம்."

"சரி கோச்."

"கோவமா?"

"இல்ல கோச். வெர்னா நல்லா ஆடுறா."

காபியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, படியேறினாள். அவள் அறை மூன்றாவது மாடியில். டாக்டர் மார்யத்தாவின் அறை இரண்டாவது மாடியில், கதவு திறந்திருந்தது. கால் தானாக அங்கே திரும்பியது என்று பின்னாளில் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். அது பொய். அந்தக் கதவுக்கு முன்னால் ஷூ லேஸ் கட்டுகிற நேரம் நின்று, தெளிவாகவே யோசித்தாள். மிண்ட்டு இல்லையென்றால் வெர்னா மட்டும் போதாது. என்னை விட்டால் ஆள் கிடையாது.

உள்ளே போனாள்.

"டாக்டர், மிண்ட்டுவப் பத்தி ஒன்னு சொல்லணும்."

தலைவலி, வெளிச்சம், சத்தம், இடது பக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. பிற்பாடு நினைக்கும்போது அதுதான் அவளுக்கு அதிகமாக அருவருத்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

"ரெண்டு வாரமா… சந்தேகமா இருந்துச்சு."

அன்று மாலையே மிண்ட்டுவைப் பரிசோதித்தார்கள். மறுநாள் காலை ஊருக்கு அனுப்பினார்கள். பை கட்டும்போது அவள் ஹில்லாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து கட்டிக்கொண்டாள்.

"நானே சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் இல்ல, உனக்கு இருந்துச்சு. டாக்டர் கேட்டாங்க, மொதல்லேர்ந்தே யாருக்கெல்லாம் தெரியும்னு. ஒருத்தருக்கும் தெரியாம மறைச்சேன்னு சொல்லிட்டேன். நீ மாட்டிக்க வேணாம்."

ஹில்லா அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை அப்போது யாரும் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

கோள் சொன்னாள் என்று அணியில் ஒருத்தர்கூடப் பேசவில்லை. எந்தப் பேச்சுக்குப் பயந்து மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அந்தப் பேச்சு வரவே இல்லை. "உன்ன மாதிரி ஒருத்தி பக்கத்துல இருக்கணும்டி" என்று முதுகில் தட்டினார்கள். ரெய்யோ எல்லார் முன்னாலும் கைகுலுக்கினார். ஹெல்சிங்கியில் பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டு, இன்னொரு அடி பட்டிருந்தால் பிழைத்திருப்பதே சந்தேகம் என்றார்களாம்.

ஏப்ரலில் உலகப் போட்டியில் ஹில்லாதான் கோலில் நின்றாள். நன்றாகவே ஆடினாள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் முப்பத்தெட்டு அடிகளைத் தடுத்தாள், வெண்கலம் கிடைத்தது. ஐந்து வருஷமாகக் கனவு கண்ட பதக்கம் கழுத்தில் விழுந்தபோது, அது குளிர்ந்த இரும்பாக மட்டும் நெஞ்சில் பட்டது.

அடுத்த நாள் பேப்பரில் மிண்ட்டுவின் பேட்டி வந்தது. "ஹில்லா என் உயிரக் காப்பாத்தினா. இடத்துக்கு ஆசப்பட்டுப் பேசுற ஆள் இல்ல அவ" என்று சொல்லியிருந்தாள். தபால் ஆபீஸில் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். ஹில்லா தினமும் காலையில் தபால் பிரிக்கும்போது அதற்கு முதுகைக் காட்டி நின்றாள்.

சீசன் முடிந்த விருந்தில், வீராங்கனைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நல்ல தோழிக்கான கோப்பையும் அவளுக்கே வந்தது. வெர்னாதான் எடுத்துக் கொடுத்தாள். மிண்ட்டுவின் இடம் எப்படிக் கைமாறியது என்று தெரியாமல் அந்தப் பெண் கண்கலங்கிக் கைதட்டினாள். "ரெண்டு வார்த்தை பேசுடி" என்று மேஜையைத் தட்டினார்கள். ஹில்லா எழுந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். "பாரு, எவ்வளவு அடக்கம்!" என்றாள் யாரோ ஒருத்தி.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மிண்ட்டுவின் வீட்டுக்குப் போனாள். வெளியே ஏரி உருகி, ஊரே வெயிலில் கிடந்தது. வீட்டுக்குள் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. மிண்ட்டு மெலிந்திருந்தாள். காபி போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

"மிண்ட்டு, நான் உனக்காகச் சொல்லல," என்று ஹில்லா ஆரம்பித்தாள். "அன்னிக்கு மத்தியானம் என்ன விட்டுட்டு வெர்னாவக் கூட்டிட்டுப் போறதா கோச் சொன்னாரு. நேரா டாக்டர்கிட்ட போனேன். அவர் அப்படிச் சொல்லலேன்னா நான் வாயத் தெறந்திருக்கவே மாட்டேன். ஜனவரில உன்ன கொட்டகைக்குப் பின்னால பார்த்தேன். வண்டிய விட்டு எறங்காம போயிட்டேன்."

மிண்ட்டு வெகுநேரம் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"பேப்பர்காரன்கிட்ட என்னெல்லாம் சொன்னேன்," என்றாள் கடைசியில். "படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டும் ஒரு மாசம் கம்முனு இருந்தியா?"

ஹில்லா காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இப்ப ஏன்டி வந்து சொல்ற? உன் பாரம் எறங்கணும்னா? ஏற்கெனவே என் தல தாங்க மாட்டாம கெடக்கு. இதையும் கொண்டாந்து அதுமேலயே எறக்கி வைக்கிறியே."

"அப்படி இல்ல—"

"அப்படித்தான். டாக்டர்கிட்ட போனதும் உனக்காக, இங்க வந்ததும் உனக்காக. எனக்காக எதாவது செய்யத் தெரியுமா உனக்கு?" அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "போ. சத்தம் போட்டா வலிக்குது. போயிடு."

ஹில்லா படியிறங்கி வந்தாள். சொல்லிவிட்டால் லேசாகும் என்று நினைத்து வந்தது உண்மைதான். அதையும் மிண்ட்டு கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் டாக்டர் மார்யத்தாவுக்குப் போன் பண்ணி, இரண்டு வாரமில்லை, நவம்பரிலிருந்தே தெரியும் என்று சொன்னாள்.

"நவம்பர்லயே சொல்லியிருந்தா மூணு நாலு வாரம் ஓய்வுல குணமாயிருக்கும் ஹில்லா. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். இப்ப எப்ப சரியாகும்னு என்னால சொல்ல முடியாது." டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கோச்சிடமும் சொன்னாள். கோப்பையைப் பார்சல் கட்டி, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி உள்ளே வைத்து அணிக்கு அனுப்பினாள். தானே தபால்காரி என்பதால் அது போய்ச் சேருமா என்ற சாக்குகூட அவளுக்கு இல்லை. இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருத்தி, "சொன்னதற்கு நன்றி" என்றாள். வெர்னா, "நான் உனக்காக அழுதேன்" என்று ஒரே வரி எழுதியிருந்தாள். மற்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆகஸ்ட் முகாமுக்கு அவளைக் கூப்பிடவில்லை. தபால் ஆபீஸ் சுவரிலிருந்து பேப்பர் துண்டை அவளே கிழித்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கும் நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் முதல் தடவை சொல்வதுபோலவே முகம் சுட்டது.

அக்டோபரில் முதல் பனி விழுந்த அன்று மிண்ட்டுவின் பெயர் போனில் வந்தது. ஐந்து மாதத்துக்கு அப்புறம்.

"கார் வச்சிருக்கியா இன்னும்?"

"இருக்கு."

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். கண்ணுக்குப் பயிற்சி குடுக்குறாங்க. எனக்கு வண்டி ஓட்ட இன்னும் அனுமதி இல்ல, பஸ்ல போனா கொமட்டுது. அம்மாவுக்கு இடுப்பு முடியல. வேற ஆள் கெடைக்கல. உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. வண்டி வேணும், அவ்வளவுதான்."

"சரி."

"மன்னிப்புக் கேட்டு அழக் கூடாது. பேசவே கூடாது. ரேடியோவும் வேணாம்."

"சரி மிண்ட்டு."

செவ்வாய்க்கிழமைக்கு ஹில்லா தன் தபால் ரூட்டை வேறொருத்தரிடம் மாற்றிக்கொண்டாள். காரின் உள்ளே உப்பு மிட்டாய் வாடை போக முந்தின நாளே துடைத்து, கண்ணாடியைத் திறந்துவைத்தாள். மிண்ட்டு கறுப்புக் கண்ணாடி போட்டு, பின் சீட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டாள். ஹில்லா பள்ளம் மேடு பார்த்து, பிரேக்கை மெல்ல மிதித்து, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மிண்ட்டு கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"முக்கால் மணி நேரம் ஆகும்."

"இருக்கேன்."

"அடுத்த செவ்வாயும் இருக்கு. பனிக்காலம் முழுக்க இருக்கு."

"வரேன்," என்றாள் ஹில்லா.

மிண்ட்டு தலையசைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. ஈரத்தரையில் வழுக்கிவிடாமல் ஒவ்வொரு அடியாக வைத்து உள்ளே போனாள். ஹில்லா காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவள் வருகிற வரைக்கும் ஸ்டீரிங்கில் இருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.