எழிலன் நீக்கிய நாற்பத்தோரு வரிகள்

எழிலன் நீக்கியது மொத்தம் நாற்பத்தோரு வரிகள். கம்ப்யூட்டரில் சத்தம் வரவைக்கும் நிரலில், யாரோ எப்போதோ ஒரு பழைய சவுண்டு கார்டுக்காக எழுதி வைத்தவை. அந்த நிரல் இருந்தது, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இலவசமாக எழுதும் ஓர் இயங்குதளத்தில். அதன் ஒலிப் பகுதியைக் கூட்டிப் பெருக்கும் பொறுப்பு, வியாசர்பாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த அவனிடம் வந்திருந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நீக்குமுன் முறைப்படிதான் கேட்டான். 'இந்தக் கார்டை இன்னும் யாராவது வைத்திருக்கிறீர்களா?' என்று அதை எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டு ஆறு வாரம் காத்திருந்தான். ஜெர்மனியிலிருந்தும் பதில் இல்லை, ஜப்பானிலிருந்தும் இல்லை. நீக்கினான். பாராட்டுகூட வந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதைதான். அந்தக் கார்டு எதிர்வீட்டில் இருந்தது. தன் பழைய கம்ப்யூட்டரைப் பார்வையில்லாத ஜெயக்கொடி அக்காவுக்கு அவனே கொடுத்திருந்தான். திரையில் இருப்பதை அது படித்துச் சொல்லும்; டாக்டர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு, அவள் தட்டச்சு செய்து கம்பெனிக்கு அனுப்புவாள். அக்காவுக்குச் சிரமம் வேண்டாமென்று, அந்த இயங்குதளத்தின் புதுப் பதிப்பு வந்தால் தானாக ஏறிக்கொள்ளும்படி வைத்ததும் இந்தப் புத்திசாலிதான்.

ஒரு மதியம் அவள் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரிப்பதைப் பார்த்து நின்றான்.

"இன்னாக்கா, வேலை இல்லியா?"

"கம்ப்யூட்டரு பேச்சே வுட்டுட்ச்சுப்பா. எதையோ தப்பா அமுக்கிக் கெட்த்துட்டேன். நீ குட்த்த பொருளாச்சே, உன்கிட்ட இன்னா மூஞ்சிய வெச்சிகினு சொல்றதுன்னு இருந்துட்டேன். கம்பெனில பத்து நாள் பாத்தாங்க, வேற ஆளப் போட்டுட்டாங்க."

எழிலனுக்குப் புரிந்துவிட்டது. வரிகளைத் திரும்பப் போட ஒரு நாள் போதும்; போன வேலையை எங்கே போய்க் கொண்டுவருவது? பேசாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

"நீ ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான். அந்தக் கார்டுக்கு இருந்தத வேணாம்னு எடுத்துட்டேன். உன்ன ஒரு வார்த்த கேக்கல."

பூண்டு உரித்த கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"அப்போ, நான் கெடுக்கல?"

"இல்லக்கா."

"மூணு வாரமா தூக்கமே இல்லப்பா," என்று சிரித்தாள். முகம் அப்படித் தெளிந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். தலையைக் குனிந்துகொண்டான். அதை அவளால் பார்க்க முடியாது என்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.