கார்டுக்கு வைத்த பொட்டு

"புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் கார் ரேஸ் கேம் தத்தித் தத்திப் போறது, அக்கா. டிரைவர் சாஃப்ட்வேரை மாத்தியாச்சு, விண்டோஸ் எக்ஸ்பியையும் மறுபடி போட்டாச்சு" என்று புலம்பினான் கல்லூரியில் படிக்கும் ப்ரஹ்லாத்.

சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள் நான். கீபோர்டை நான் தொடவே இல்லை. கேபினெட்டின் மேல் கை வைத்தேன், தோசைக்கல்லாகச் சுட்டது.

"முதல்ல நல்லா ஓடிட்டு, அப்புறம்தானே இழுக்குது?"

"ஆமாம்!"

"அப்ப சாஃப்ட்வேரைத் திட்டாதப்பா. சூடு."

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கார்டின் குட்டி ஃபேன் சுற்றவில்லை. அதன் நட்டநடுவில் சந்தனம், மேலே குங்குமம். சந்தனம் வழிந்து, இறக்கைகளைச் சட்டத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"உள்ள மாட்டறதுக்கு முன்னாடி, ஆயுத பூஜைக்கு நான்தான் வெச்சேன். வட்டமா, நெத்தி மாதிரி இருந்தது" என்றார் அவன் அப்பா சக்ரவர்த்தி, பெருமையாக.

"சாமி, இதுக்குக் காத்து வேணும், பொட்டு வேணாம்!"

பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். ஃபேன் சுழன்றது. ரேஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. ப்ரஹ்லாத் முதலிடத்தில் பறந்தான்.

"நன்னா ஆயிடுத்தே, வெளியிலயாவது வெக்கலாமோ?" அவர் கையில் சந்தனக் கிண்ணம் தயாராக இருந்தது.

"தாராளமா வைங்க, எங்க வேணும்னாலும்" என்றேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

அவர் குனிந்து, கேபினெட்டின் முன்பக்கத்திலும் வட்டமாக ஒன்றைக் கண்டுபிடித்து, பக்தியோடு அழுத்திப் பொட்டு வைத்தார்.

திரை இருண்டது. அது பவர் பட்டன்.