எத்திராஜுக்குப் படாத அடி

ஃபோம் வாளில் ஆபத்து இருப்பது நுனியில்தான். உள்ளே அரை அங்குல பிவிசி பைப், அதைச் சுற்றி ஃபோம், அதற்கு மேல் இறுக்கித் தைத்த துணி உறை. பைப்பை நுனிவரை விட்டுவிட்டால் நாலு ஆட்டத்தில் ஃபோமைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். அதனால் நுனிக்கு நான்கு விரற்கடை முன்பே பைப் நின்றுவிட வேண்டும். அதன் வாயில் பழைய சைக்கிள் ட்யூபை மடித்து ஒட்டிவிட வேண்டும். இதெல்லாம் நான் செய்த முதல் வாள் கெட்டுப்போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திருமழிசை தொழிற்பேட்டையில் மெத்தைக்கு ஃபோம் அறுக்கும் யூனிட் ஒன்றில் எனக்குச் சோதனை மேசையில் வேலை. தொண்ணூற்றிரண்டில் எங்கள் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்காக ரோமச் சிப்பாய்கள் மர வாளோடு ஒத்திகை பார்த்து, ஒருவனுக்கு முழங்கை வீங்கிப்போனது. யூனிட்டில் கேட்டு, கழிவுத் துண்டுகளை வாங்கி எட்டு வாள் செய்து கொடுத்தேன். பாஸ்கா முடிந்தும் வாள்கள் நன்றாகவே இருந்தன. யூனிட்டில் வேலை செய்யும் எட்டுப் பேர் ஞாயிறு மாலைகளில் பின்பக்கத்துக் காலி மனையில் இரண்டு படையாகப் பிரிந்து, அந்தக் காலத்து ராஜாக்கள் போல மோத ஆரம்பித்தார்கள். விதி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

தலையிலும் கழுத்திலும் அடிக்கக் கூடாது. வீசலாம், குத்தக் கூடாது. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொள்ள வேண்டும். காலில் பட்டால் மண்டியிட வேண்டும். தோளிலோ உடம்பிலோ பட்டால் ஆள் காலி. வாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓரமாக வந்துவிட வேண்டும். வாட்ச், மோதிரம், சட்டைப்பைப் பேனா எல்லாம் ஆட்டம் முடியும்வரை என் டிபன் கூடையில் இருக்கும்.

கடைசி விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: அடி பட்டதை, பட்டவனேதான் சொல்ல வேண்டும். எட்டு வாள் சுழலும் இடத்தில் நடுவரின் இரண்டு கண் எதைப் பார்க்கும்? பட்டது யாருக்கென்று அவனவன் தோலுக்குத்தான் முதலில் தெரியும்.

எத்திராஜின் தோலுக்கு மட்டும் தெரியவில்லை.

எத்திராஜ் திருமழிசை ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். யூனிட்டில் லோடிங். நாளெல்லாம் லாரிக்கும் குடோனுக்கும் நடுவில் தனியாக நடப்பவன். ஞாயிறு மாலைகளில் மட்டும்தான் அவனை "மாமே" என்று கூப்பிட ஏழு பேர் இருந்தார்கள்.

அந்த ஏழு பேரும் ஒரு ஞாயிறு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கட்டிங் மிஷின் அந்தோணிராஜ்தான் பேசினான். குமணன்சாவடிக்காரன்; வாயும் மிஷின் மாதிரிதான் ஓடும்.

"முதுகுல மூணு வாட்டி உட்டேன்க்கா. எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறான். திரும்பிப் பாத்து சிரிக்க வேற செய்றான்."

"படல மாமே. பட்டா சொல்ல மாட்டனா?" என்றான் எத்திராஜ்.

"போன வாரமும் படல, அதுக்கு மின்ன வாரமும் படல. இன்னா நீ, ஆவியா? அக்கா, இவன் இருந்தா நாங்க ஆட்டத்துக்கு வரல. இப்பவே ஒரு முடிவு சொல்லு."

எத்திராஜ் என்னைப் பார்த்தான். அவனை வெளியே அனுப்புவது எனக்கு ஒரு வார்த்தை வேலை. ஆனால் சோதனை மேசையில் எந்தத் துண்டையும் அமுக்கிப் பார்க்காமல் தள்ளுபடி செய்து எனக்குப் பழக்கமில்லை.

எத்திராஜின் கண்ணைத் துண்டால் கட்டினேன். அந்தோணிராஜிடம் வாளைக் கொடுத்து, நான் கை காட்டும் இடத்தில் வழக்கமான வேகத்தில் அடிக்கச் சொன்னேன். பட்ட இடத்தை எத்திராஜ் சொல்ல வேண்டும்.

"இடது கை," என்றான். சரி. "வலது தொடை." சரி. "முழங்கால்." அதுவும் சரி. பிறகு முதுகைக் காட்டினேன். நாலு அடி விழுந்தது. எத்திராஜிடமிருந்து சத்தமே இல்லை. நெஞ்சில் ஒன்று விழுந்தது.

"இன்னாக்கா, டீ குடிக்கப் போய்ட்டானா அவன்?" என்றான் எத்திராஜ்.

உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தோணிராஜ் மட்டும் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் எத்திராஜின் முதுகில் கட்டைவிரலை அழுத்தினேன். உள்ளே போன விரலை ஏதோ ஒன்று மெல்ல வெளியே தள்ளியது. மனித முதுகு அப்படித் தள்ளாது. எங்கள் யூனிட்டின் கெட்டி ரக ஃபோம்தான் அப்படித் தள்ளும்.

"சட்டையைக் கழட்டு."

"வேணாங்க்கா."

"கழட்டாத!" என்று மனையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த எத்திராஜின் அம்மா எல்லம்மா, கையில் அரிவாளோடு வந்து நின்றார். "நான்தான் தச்சிக் குடுத்தேன். அன்னிக்கி உங்க கத்தி முனை குத்தி முதுகெல்லாம் கன்னிப்போயி ஊட்டுக்கு வந்தான். நீங்களா மருந்து போட்டீங்கோ?"

குத்தியது என் முதல் வாள். பைப் நுனி கிழித்து வந்த அதே வாள். 

எத்திராஜ் தானே பொத்தான்களைக் கழற்றினான். சட்டைக்குள் இருந்தது, வேட்டித் துணிக்கு நடுவே ஃபோம் வைத்துத் தைத்த உள்சட்டை. கோணி ஊசித் தையல், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியிருந்தது.

"ஏன்டா சொல்லல?" என்றான் அந்தோணிராஜ்.

"அம்மா தச்சிக் குடுத்துச்சின்னு சொன்னா கிண்டல் பண்ணி ஓட்டுவீங்கோ."

"கண்டிப்பா ஓட்டிருப்போம்," என்று அந்தோணிராஜ் ஒப்புக்கொண்டான். "ஆனா இது கள்ள ஆட்டம் இல்லியா?"

"பட்டா சொல்லணும்னுதான கீது. படலியே!"

தப்பு என்னுடையதுதான். எல்லோர் தோலும் ஒன்று என்று நினைத்து விதி எழுதியிருந்தேன். வாளை மெத்தென்று செய்தால் காயமில்லை. அதிகம் மெத்தென்று இருந்தால் பட்டதே தெரியாது, நியாயம் போய்விடும். வாளைக் கெட்டியாக்கினால் நியாயம் வரும், கூடவே காயமும் வரும். உள்சட்டையைக் கழற்றச் சொல்லலாம். எல்லம்மாவின் அரிவாளைப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டேன்.

வழி சொன்னது எத்திராஜ். "என் உடம்புல பட்டுதான்னு அடிச்சவனே சொல்லட்டும்க்கா. அவன் பட்டுச்சின்னா நான் போயிர்றேன்."

"நான் பொய் சொன்னா?" என்றான் அந்தோணிராஜ்.

"சொல்லு. உன் இஷ்டம்."

அந்தோணிராஜுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவனைத் திருடன் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அவனே சாவியைக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொருவராக வாளைத் தூக்கிக்கொண்டு ஓரம் வந்து, கடைசியில் இவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள். அந்தோணிராஜுக்கு ஒரு கை ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால். எத்திராஜ் ஓங்கும்போது அந்தோணிராஜ் சட்டென்று குனிந்து பக்கவாட்டில் வீசினான். வாள் எத்திராஜின் விலாவை ஒட்டிப் போனது. சட்டை ஆடியது. எங்களுக்கு அது பட்ட மாதிரிதான் தெரிந்தது.

எத்திராஜ் ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினான். "பட்டுச்சா மாமே?"

அந்தோணிராஜ் மூச்சு வாங்கினான். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இல்லடா. காத்து," என்றான்.

"சரி" என்று எத்திராஜ் நிறுத்திய கையை இறக்கினான். வாள் அந்தோணிராஜின் தோளில் பொத்தென்று விழுந்தது.

"டேய், நான் இன்னும் ரெடியே ஆவலடா!"

"பட்டுச்சா, படலியா?"

"பட்டுச்சி, பட்டுச்சி," என்று அந்தோணிராஜ் வாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்தான். நேராக எல்லம்மாவிடம் போய் நின்றான்.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு தச்சிக் குடும்மா. கொஞ்சம் டைட்டா."