நடுச்சுவருக்கு மூன்று மருந்து

கரையான் என் அலமாரியின் கீழ்த்தட்டை முடித்துவிட்டு இரண்டாம் தட்டுக்கு ஏறிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஒரு தடித்த புத்தகத்தை உருவினேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. பக்கங்கள் இருந்த இடத்தில் ஈரமண் இருந்தது.

மறுநாள் வந்த மருந்துக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குப்புறப் படுத்தே பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நீங்க எவ்வளவு படிச்சீங்களோ தெரியாதுக்கா. இதுங்க ஒரு வரி விடாம முடிச்சிருக்கு."

நான் சிரிக்கவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சுவரை அங்கங்கே தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கூடு உங்க தரைக்குக் கீழ இருக்கு. இந்தச் சுவரப் புடிச்சுத்தான் மேல ஏறுது. சுவருக்கு அந்தாண்ட யாரு?"

"எங்க அண்ணன்."

"அப்ப நல்லதாப் போச்சு. வேலை சுலபம்."

ஒரே வீடு அது. அப்பா இருக்கும்போதே நடுவில் ஒரு சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிட்டார். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டே இருபத்தைந்து வருடம் ஓட்டியவன். அவனோடு வாழ்ந்த எல்லோருக்கும் அந்தப் பிரேக்கைத் தெரியும். அம்மா அவனோடு இருந்தாள். நான் வேறு ஊரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இருபதாம் நாள் காலையில் முடிந்துபோனதை மட்டும் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், துணி மடித்துக்கொண்டே அண்ணி சொன்னாள். அம்மா தினமும் சாயங்காலம், "தங்கச்சிக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டாளாம். "சொல்லிட்டேன், நாளைக்கு வர்றா" என்று அண்ணன் தினமும் பதில் சொன்னானாம்.

"ஏன் சொல்லலை?" என்று அண்ணியிடம்தான் கேட்டேன்.

"நீ வந்தா வாயத் திறக்காம மூலையில உக்காந்து பாப்பியாம். அந்தப் பார்வைய வச்சுக்கிட்டு அந்த ரூம்ல தன்னால இருக்க முடியாதுன்னாரு." அண்ணி போர்வையின் நுனிகளைச் சேர்த்து மடித்தாள். "அவரும் பாவம்தான்."

அந்த வருடமே வேலையை விட்டுவிட்டு என் பாதி வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் துணைக்கு இருக்கிறானே என்று வந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவனுக்காகத்தான் வந்தேன், அதில் பொய் இல்லை. கோபத்தைத் தூரத்தில் வைத்து வளர்க்க எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சுவரின் இந்தப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் இருமினால் கேட்கும். அவன் சிரித்தால் நான் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

மருந்துக்காரர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வழிகளைச் சொன்னார்.

"ஒண்ணு, வாசனை மருந்து. சுவர் ஓரமா அடிக்கு ஒரு ஓட்டை போட்டு உள்ள இறக்கிடுவேன். ஒரே நாள் வேலை. கரையானுக்கு அந்த வாடை ஆகாது, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடும். ஆனா சாகாது. ரெண்டாவது, வாடையே இல்லாத மருந்து. அதுக்குத் தெரியாமலே மேல பூசிக்கிட்டு, இன்னொண்ணுக்கும் பூசிவிட்டுச் சாகும். நல்ல மருந்து. ஆனா நடுச்சுவர்ங்கிறதால ரெண்டு வீட்டுலயும் ஓட்டை போடணும்."

"மூணாவது?"

"பெட்டி. உள்ள அதுக்குப் பிடிச்ச தீனி, அதுல மருந்து. தானே வந்து தின்னும், கூட்டுக்கும் கொண்டுபோய் ஊட்டும். ராணி வரைக்கும் போய்ச் சேரும். மூணு மாசமோ நாலு மாசமோ ஆகும். அதுவரைக்கும் தொடக் கூடாது, கலைக்கக் கூடாது. அது தின்னுறதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கணும். அதுதான் கஷ்டம். ஆனா கூடே ஒழிஞ்சிடும். உங்களுக்கும் நிம்மதி, அண்ணனுக்கும் நிம்மதி. என்னக் கேட்டா பெட்டிதான்."

சாக்பீஸ் கோடு சுவரைத் தொட்ட இடத்தைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

"வாசனை மருந்து போட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எங்க போகும்?"

சாக்பீஸை விரல்களுக்கிடையில் உருட்டினார். "வாடை இல்லாத பக்கம் போகும்."

"அந்தாண்டயா?"

"வேற எங்கக்கா போகும்?"

"அதையே போட்டுடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தொழிலில் எத்தனை நடுச்சுவர்களைப் பார்த்திருப்பாரோ. "சரி. பக்கத்துல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவங்களும் உஷாரா இருப்பாங்க."

"சொல்லிடறேன்" என்றேன்.

சொல்லவில்லை. சுவரோரம் முப்பத்திரண்டு ஓட்டைகள் போட்டு, மருந்து இறக்கி, சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் என் சுவரில் ஏறிய மண்கோடுகள் காய்ந்து உதிர்ந்தன.

அதன்பிறகு நான் படிப்பது குறைந்துபோனது. மடியில் புத்தகம் விரிந்திருக்கும், காது சுவரில் இருக்கும். அந்தப் பக்கம் அண்ணன் தரை முழுக்க மரப்பலகை பதித்திருந்தான். நிலை, ஜன்னல், பரண் எல்லாம் மரம். முதல் இரண்டு மாதம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் அண்ணியின் குரல் கேட்டது. "இதென்னங்க, கதவு சாத்த மாட்டேங்குது?" மழை ஈரம் என்று அண்ணன் சொன்னான். நான் தனியாகச் சிரித்தேன். சிரித்து நெடுநாளாகியிருந்ததால் அந்தச் சத்தம் எனக்கே யாரோ இருமியது போலிருந்தது.

ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் என் வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றான். முன்னைவிட மெலிந்திருந்தான்.

"ஏய் ஊமைக்கோட்டான். உன் பக்கம் கரையான் இருக்கா?"

"இருந்துச்சு."

"எனக்குத் தரை உள்ள வாங்குது. நடந்தா கால் இறங்குது. ஒருத்தனக் கூட்டிட்டு வந்து காட்டினேன். கூடு உன் பக்கம் இருக்காம். உன் வீட்டுலயும் பெட்டி வச்சாத்தான் ஒழியுமாம். ஆனா அவன் காசு தாறுமாறாக் கேக்குறான். நீ யாரையோ வச்சுச் செஞ்சியாமே, அண்ணி சொன்னா. அந்த ஆளு எப்படி?"

"நல்லாச் செய்வார்."

"அப்ப அவரையே வரச் சொல்லு. ரெண்டு பக்கமும் வச்சிடலாம்." தயங்கினான். "சொல்றியா?"

முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்துவதற்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். வாயில் வேறொன்று வந்தது.

"சொல்றேன்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் நேராக என் வாசலுக்கு வந்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். நாளைக்கு வர்றார்."

அதைச் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

இரண்டாம் சாயங்காலம், அவர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டார் என்றேன். மூன்றாம் நாள் வண்டி பழுது. நான்காம் நாளிலிருந்து காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அவன் கேட்பான், நான் சொல்வேன், அவன் நம்புவான். என் அண்ணன் இவ்வளவு எளிதில் நம்புகிறவன் என்று எனக்குத் தெரியாது.

"ஒரு போனைப் போட்டு நானே பேசட்டுமா?" என்று எட்டாம் நாள் கேட்டான்.

"பத்து பேர் பேசினா குழம்பிடுவார். எங்கிட்ட சொல்லிட்டாரு, வந்துடுவார்."

"சரி சரி. நீ பேசறதே அதிசயம். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பன்னிரண்டாம் நாள் அவனும் அண்ணியுமாக ஒரு கட்டிலை வெளியே இழுத்துப் போட்டார்கள். அம்மாவின் கட்டில். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். தூக்கும்போதே ஒரு கால் கழன்று அண்ணியின் கையோடு வந்தது. உள்ளே குழல் போல வெறுமையாக இருந்தது. அண்ணி அதைத் தரையில் தட்டினாள், மண் கொட்டியது. அன்று சாயங்காலம் கேள்வி கேட்கும்போது அண்ணனின் சட்டையில் அந்த மண் ஒட்டியிருந்தது.

"சொல்லிட்டேன்" என்றேன். "நாளைக்கு வர்றார்."

பதின்மூன்றாம் நாளும் சொன்னேன்.

பதினெட்டாம் நாள் அவன் கேட்க வரவில்லை. அண்ணி வந்தாள். அவருக்கு அலுப்பாக இருக்கிறது, படுத்துவிட்டார் என்றாள். அவளிடமும் அதையே சொன்னேன். பத்தொன்பதாம் நாள் அவனே வந்தான். கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட இல்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினான். நானும் வாயால் சொல்லவில்லை, தலையாட்டினேன். அதற்கே அவன் முகம் தெளிந்தது. போகும்போது, "நாளைக்கு லீவு போட்டுடறேன். ஆள் வரும்போது நான் இருக்கணும்ல?" என்றான்.

மறுநாள் காலை மருந்துக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் பெட்டிகளோடு வந்துவிட்டார். அண்ணன் ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டான்.

"வாங்க வாங்க. பெரிய ஆளுதான் நீங்க. உங்களப் புடிக்கிறது மந்திரியப் புடிக்கிற மாதிரி இருக்கு."

"என்னையா?" மருந்துக்காரர் விழித்தார். "அக்கா இப்பதான சார் கூப்பிட்டாங்க? டீக்கடையில இருந்து அப்படியே வர்றேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். திட்டப்போகிறான் என்று நின்றேன். அந்தத் திட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வருடத்துச் சொற்கள் இருந்தன. ஆனால் அவன் கண்கள் எங்கோ பின்னால் போய், ஒவ்வொன்றாக எதையோ கடந்து வருவது தெரிந்தது. பிறகு முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

"பத்தொம்பது நாள்" என்றான்.

மருந்துக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணன் படியில் உட்கார்ந்தான். நான் நின்றேன். உள்ளே தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது, நின்றது. அவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நான் பேசாமல் இருக்கும்போது எதிரில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"எந்த நாள் சொல்றதுக்குக் கஷ்டமா இருந்துச்சு உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். தினமும் என்று சொல்லியிருக்கலாம்.

"முதல் நாள்" என்றேன்.

அவன் மெல்லத் தலையாட்டினான்.

"எனக்கும் அன்னிக்கு மட்டும்தான்" என்றான்.