இணைப்பை மெஷின் படிக்காது

அறையில் இருந்தவர்கள்: மதிப்பெண் மறுபரிசீலனை அதிகாரி, அவருடைய எழுத்தர், தேர்வறையில் கண்காணிப்புக்கு நின்ற கணக்கு டீச்சர், என் தங்கச்சி, இரவு ஷிப்ட் முடிந்து காவலாளி உடுப்போடு வந்து சுவரோரம் நின்ற நான். நாற்காலி நான்குதான்.

நுழைவுத் தேர்வில் தங்கச்சிக்கு இருநூறுக்கு நாற்பத்தொன்று போட்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினாலே ஐம்பது வரும். பல்கலைக்கழகச் சேர்க்கைப் பட்டியல் அன்று பன்னிரண்டு மணிக்கு மூடுகிறது. மணி பதினொன்றரை.

நடந்தது இவ்வளவுதான். அவளுக்கு வந்த இரண்டாம் எண் வினாத்தாளில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. டீச்சர் மாற்றிக் கொடுத்தது மூன்றாம் எண்; அதில் கேள்வி வரிசையே வேறு. அதற்குள் விடைத்தாளில் இரண்டுக்கான வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கிவிட்டாள். மூன்றுக்கானதையும் கறுப்பாக்கினால் தாளே செல்லாது. "தொடாதேம்மா, நான் அறிக்கையில எழுதிக்கிறேன்" என்றார் டீச்சர். எழுதியும் கொடுத்தார். இயந்திரம் இரண்டாம் எண்ணின் விடைகளை வைத்து அவளைத் திருத்தித் தள்ளிவிட்டது.

"அறிக்கை இருக்கு, இல்லேங்கல." அதிகாரி கோப்பைத் தட்டினார். "ஆனா அது இணைப்பு. இணைப்பை மெஷின் படிக்காது."

"மெஷினுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல சார்?" என்றாள் தங்கச்சி.

எழுத்தர் சிரிப்பை இருமலாக்கினார்.

"வாய் நீளத்துக்கு மார்க் இல்லையேம்மா. அடுத்த வருஷம் எழுது."

டீச்சர் எழுந்துவிட்டார். "தப்பு என்னோடது சார். பொண்ணுக்கு ஏன் தண்டனை?"

"உங்களுக்கும் வரும், இருங்க."

நான் அதே பல்கலைக்கழகத்தில் மூன்று பருவம் படித்துவிட்டு வெளியேறியவன். அங்கே என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இவளிடம் கணக்குக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள். அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா சார்?"

அதிகாரி அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ என்ன நடுவுல? செக்யூரிட்டிதானே, இவங்கள வெளிய அனுப்பு."

"செக்யூரிட்டிதான் சார். ஆனா வேற கட்டடம். இங்க நான் இவ அண்ணன்."

எழுத்தர் ஒரு காகிதத்தை மேசையில் தள்ளினார். "மூணாம் நம்பர் விடையை வச்சு நேத்தே எண்ணிப் பார்த்தேன் சார். நூத்தி எண்பத்தாறு."

"உன்னை யாருய்யா எண்ணச் சொன்னது? இதைத் திருத்தினா இதே மாதிரி எத்தனை பேர் வந்து நிப்பாங்க தெரியுமா?"

"வரட்டுமே," என்றாள் தங்கச்சி.

அவர் முகம் சிவந்தது. "நம்ம செக்யூரிட்டியைக் கூட்டிட்டு வரேன். ஒருத்தரும் இங்க இருக்கக் கூடாது." கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு நடந்தார்.

எழுத்தர் கணினியில் மதிப்பெண் திருத்தப் பக்கத்தைத் திறந்தார். "கண்காணிப்பாளர் அறிக்கை இருந்தா எழுத்தரே திருத்தலாம்னு விதி இருக்கு. இதுவரைக்கும் எவனும் செஞ்சதில்ல. கையெழுத்து என்னோடது, உதையும் எனக்குத்தான். டீச்சர், அறிக்கை நம்பரைப் படிங்க. மெதுவா."

டீச்சர் படிக்கத் தொடங்கினார். அதிகாரியின் செருப்புச் சத்தம் நடைவழியின் கோடியில் திரும்புவதற்குள், தங்கச்சி எழுந்துபோய் அவர் போன கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.