டீச்சர் முன்னால் சொன்ன வார்த்தை

இந்த நாட்டில் ஆறாம் வகுப்போடு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். பாதிப்பேர் காலேஜுக்குக் கொண்டுபோகிற பள்ளிக்கூடத்துக்கு, மீதிப்பேர் கைத்தொழில் பள்ளிக்கூடத்துக்கு. பால்பல் விழுந்து முடிவதற்குள் என்ன அவசரமோ, ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற அம்மாவுக்குப் புரியவே இல்லை. ஊரில் பத்தாம் வகுப்பு வரைக்குமாவது மூச்சுவிட விடுவார்கள். ஆனாலும் அவளுக்குப் பயமில்லை. மகள் கணக்கில் புலி.

டீச்சர் கூப்பிட்ட அன்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போனாள். பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி. முழங்கால் மேசையில் இடித்தது. இங்கத்துப் பாஷை அவளுக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. மகள்தான் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொன்னாள். வீட்டில் எப்படிப் படிக்கிறாள் என்று டீச்சர் கேட்டார்.

பெற்ற பிள்ளையை வாத்தியார் முன்னால் புகழ்கிற அம்மா எங்கேயாவது உண்டா? சோம்பேறி, புத்தகத்தைத் தொடுவதே இல்லை, கணக்கு மண்டையில் ஏறாது, நீங்கள்தான் கண்டித்து வைக்கவேண்டும் என்று அடுக்கினாள். 'அப்படியெல்லாம் இல்லைம்மா, கெட்டிக்காரி' என்று வாத்தியார் மறுக்கவேண்டும். அதைக் கேட்டு மனசு குளிர்ந்து வீடு திரும்பவேண்டும். ஊரில் அதுதான் முறை. மகள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

டீச்சர் மறுக்கவில்லை. மார்க்கைப் பார்த்துக் காலேஜ் வழிக்குத்தான் நினைத்திருந்தேன், வீட்டில் இவ்வளவு சிரமப்படுகிறாள் என்றால் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாள், கைத்தொழில் பக்கமே அனுப்பலாம், பெற்றவர்களுக்குத் தெரியாததா என்றார். அதையும் மகளே தமிழில் சொல்லி முடித்தாள்.

அம்மா மகளின் கையைப் பிடித்தாள். பாழாய்ப்போன வாய். மகளும் தன்னைப்போல் காலம் முழுக்க மெஷின் முன்னால் கால்கடுக்க நிற்கவா இவ்வளவு தூரம் வந்தது?

"நான் சும்மா சொன்னேன்னு சொல்லுடி. நீ கெட்டிக்காரி, கணக்குல உன்னை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு சொல்லு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லேன்டி."

"அது பொய்தானேம்மா" என்றாள் மகள், மேசையைப் பார்த்துக்கொண்டே. "சின்னதுலேர்ந்து எல்லா டீச்சர்கிட்டயும் நீ இதைத்தானே சொல்ற. மார்க்குதான் ஏதோ தப்பா வந்துடுதுன்னு நினைச்சேன்."

அம்மா என்ன சொல்கிறார் என்று டீச்சர் கேட்டார். மகள் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னாள். அதில் ஒன்று 'சரி' என்பது அம்மாவுக்கே புரிந்தது. டீச்சர் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார்.